வீட்டுப் பாத்திரங்களும் ஆங்கிலச் சொற்களும்

ஒரு வீட்டின் குசினிக்குள் நின்று கண்ணிற்படும் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தால் முப்பது, நாற்பது தேறும். பானை, சட்டி, தாச்சி, செம்பு, பேணி, குடம், வாளி, போத்தல், கடகம், பெட்டி என்று ஐந்தாந் தரத்துப் பிள்ளை கூடத் தட்டுத்தடங்கலின்றிச் சொல்லிவிடும். அதே பிள்ளையிடம் இவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டால் ‘கப்’, ‘பிளேற்’, ‘பொட்டில்’ என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றது. நாள்தோறும் கையாளும் பொருள்களின் பெயர்களே தெரியாதபோது, ஆங்கிலம் எங்கோ தொலைவிலுள்ள ஒரு பாடம் என்ற அச்சம் பிள்ளையின் மனதிற் குடிகொள்கின்றது.

இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டபோது, ஆங்கிலம் இணைப்பு மொழி என்ற நிலையைப் பெற்றது. பாடசாலைகளில் மூன்றாந் தரம் தொடக்கம் அது பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் இதனைப் பரீட்சைக்குரிய விடயமாக மட்டும் கருதுதல் பொருந்தாது. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் மருந்துப் போத்தலைக் கையிலெடுக்கும் தாய்க்கு அதன் மேலுள்ள எழுத்து விளங்க வேண்டும். தோட்டத்துக்கு மருந்தடிப்பவருக்குக் கொள்கலனில் உள்ள எச்சரிக்கை விளங்க வேண்டும். திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளை மூக்குப்பேணியைத் தூக்கிக் காட்டி ‘இது என்ன?’ என்று ஆங்கிலத்திற் கேட்டால், அம்மம்மா இரண்டு சொல்லாவது சொல்ல வேண்டும்.

இக்கட்டுரை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பேரன் பேர்த்திமாரோடு இருக்கும் முதியோருக்கும் பொதுவானது. ஆங்கிலச் சொற்கள் யாவும் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. ஆங்கில எழுத்துக்கூட்டலை மாணவர்கள் அகராதியைப் பார்த்துத் தமது கொப்பியில் எழுதிக்கொள்ளலாம்.

1. முதலில் ஒலி

தமிழெழுத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதும்போது ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் ‘ப’ என்ற ஓரெழுத்தே இரண்டு ஒலிகளுக்கும் நிற்கின்றது. ‘பிள்ளை’ என்னும்போது உதடுகளில் ஓர் ஒலி பிறக்கின்றது. ‘தம்பி’ என்னும்போது அதே எழுத்து வேறொலி தருகின்றது. ஆங்கிலத்தில் இவை இரு தனி எழுத்துக்கள். குப்பை போடும் ‘பின்’ என்பதைத் ‘தம்பி’யில் வரும் ‘பி’ போலவும், சட்டையிற் குத்தும் ‘பின்’ என்பதைப் ‘பிள்ளை’யில் வரும் ‘பி’ போலவும் ஒலித்தல் வேண்டும்.

தம்பி ஒலியில் தொடங்குவன: பொட்டில் (போத்தல்), பொக்ஸ் (பெட்டி), பாக் (பை), பாஸ்கற் (கூடை), பக்கெற் (வாளி), போல் (கிண்ணம்), பேசின் (வாயகன்ற பாத்திரம்), பரல் (பீப்பா).

பிள்ளை ஒலியில் தொடங்குவன: பொட் (பானை), பான் (தாச்சி வகை), பக்கற் (சிறு பொதி), பிளேற் (சாப்பாட்டுக் கோப்பை).

மெல்லிய கடதாசித் துண்டொன்றை உதட்டின் முன் பிடித்து இவற்றைச் சொல்லிப் பழகலாம். ஆங்கிலேயர் ‘பொட்’ என்னும்போது மூச்சு வெளிப்பட்டுக் கடதாசி அசையும். ‘பொட்டில்’ என்னும்போது அவ்வாறு அசைவதில்லை.

இன்னுமொன்று. ‘ரின்’ என்று எழுதுவது இங்குள்ள வழக்கம். அதனை எழுத்தைப் பார்த்து ‘ர’ என்று வாசிக்கும் பிள்ளைகளும் உளர். ‘பெட்டி’ என்ற சொல்லின் இறுதியிலுள்ள ‘டி’யை எடுத்து, அதனோடு ‘ன்’ சேர்த்தால் சரியான ஒலி கிடைக்கும். ‘ரம்ளர்’, ‘ரியூப்’, ‘ரப்’ என்பனவும் அவ்வாறே.

2. பொருளின் பெயர் பாத்திரத்தின் பெயராதல்

செம்பு என்பது ஓர் உலோகம். அந்த உலோகத்தாற் செய்த பாத்திரத்துக்கும் செம்பு என்றே பெயர் வந்தது. பின்னர் பித்தளையிற் செய்தாலும் எவர்சில்வரிற் செய்தாலும் அது செம்பாகவே இருந்துவிட்டது. பீங்கான் என்பதும் முதலில் ஒருவகை மட்பொருள். இன்று சாப்பிடும் தட்டையும் அது குறிக்கும்.

ஆங்கிலத்திலும் இதுவே நடந்துள்ளது. ‘கிளாஸ்’ என்றால் கண்ணாடி. கண்ணாடியாலான குடிகலத்துக்கும் கிளாஸ் என்றே பெயர். ‘ரின்’ என்றால் வெள்ளீயம். வெள்ளீயம் பூசிய தகரத்தாலான பேணிக்கும் ரின் என்றே பெயர்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மனதிற் கொள்ள வேண்டும். ‘எவர்சில்வர் கிளாஸ்’ என்று இங்கு பேச்சில் தாராளமாகச் சொல்லப்படுகின்றது. ஆங்கிலங் கேட்டுப் பழகிய ஒருவருக்கு அது ‘எவர்சில்வர் கண்ணாடி’ என்பது போல முரணாகத் தோன்றும். உலோகத்தாலான கைபிடியற்ற குடிகலம் ‘ரம்ளர்’ எனப்படும். ‘ஸ்ரீல் ரம்ளர்’ என்றாற் குறையில்லை.

3. குடிக்கும் கலங்கள்

கப் – பக்கத்திற் கைபிடி உள்ளது. பெரும்பாலும் கீழே தட்டொன்றுடன் வைக்கப்படுவது. அத்தட்டின் பெயர் ‘சோசர்’.
மக் – கப்பிலும் உயரமானது, நேரான பக்கங்கள், கைபிடி உண்டு, சோசர் இல்லை.
கிளாஸ் – கண்ணாடியாலானது, கைபிடி இல்லை.
ரம்ளர் – கைபிடி இல்லாத நேர்வடிவக் கலம்.
போல் – கிண்ணம். வட்டமானது, வாய் அகன்றது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய சொல் ‘கோப்பை’. குடிகலத்தைக் குறிக்கும் ‘கொப்பு’ என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இது வந்ததென்பர். பாடநூல்களிலும் தமிழ்நாட்டிலும் கோப்பை என்றால் தேநீர் குடிக்கும் கலமாகும். ஆனால் இங்குள்ள வீடுகளில் ‘கோப்பையிற் சோறு போடுங்கோ’ என்றால் அது தட்டு. ‘கோப்பையைக் கழுவினேன்’ என்பதை மொழிபெயர்க்கும் பிள்ளை, தட்டைக் கருதினால் ‘பிளேற்’ என்றும், தேநீர்க் கலத்தைக் கருதினால் ‘கப்’ என்றும் எழுத வேண்டும். எது என்பதை முதலில் தமிழிலேயே தெளிந்துகொள்ளல் நன்று.

4. அடுப்படியில்

பொட், பான் என்னும் இரண்டையும் அறிந்தால் அடுப்படியின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆழமானது பொட். ஆழங்குறைந்து அகன்றது பான். சோற்றுப்பானை ‘றைஸ் பொட்’. கறிச்சட்டி மண்ணாலானதாயின் ‘கிளே பொட்’. பொரிக்கும் தாச்சி ‘பிறையிங் பான்’. இந்தப் ‘பான்’ வேறு, காலையில் உண்ணும் ‘பாண்’ வேறு. பாண் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ஆங்கிலத்தில் அதற்குப் ‘பிறெட்’ என்று பெயர்.

தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் ‘கெட்டில்’ ஆகும். தேயிலைச் சாயம் ஊறவைக்கும் மூக்குள்ள பாத்திரம் ‘ரீ பொட்’ ஆகும். கெட்டில் அடுப்பில் ஏறும். ரீ பொட் அடுப்பில் ஏறாது. அன்னதானத்துக்குச் சோறு அவிக்கும் கிடாரத்தைக் ‘கோல்ட்றன்’ எனலாம்.

சட்டி என்ற சொல் தமிழோடு நின்றுவிடவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஆங்கிலேயர் மட்பாத்திரத்தைச் ‘சட்டி’ என்றே தமது பேச்சிற் சேர்த்துக்கொண்டனர். 1886 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் புகழ்பெற்ற சொல்லகராதியில் அது இடம்பெற்றுள்ளது. ஆங்கிலேயர் குசினிக்குள் வந்து ஒரு சொல்லை எடுத்துச் சென்றார்கள். அதே குசினியிலிருந்து இங்குள்ள பிள்ளைகள் சில ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வதில் அந்நியம் ஏதுமில்லை.

5. கழுத்தும் வாயும் மூடியும்

போத்தலும் சாடியும் எவ்வாறு வேறுபடுகின்றன? போத்தலுக்கு ஒடுங்கிய கழுத்து உண்டு. சாடிக்கு வாய் அகலம். கை அல்லது கரண்டி உள்ளே போகும். ஆங்கிலத்திலும் இதே வேறுபாடுதான். ஒடுங்கிய கழுத்துடையது ‘பொட்டில்’. வாயகன்றது ‘ஜார்’. ஊறுகாய்ப் போத்தல் என்று பேச்சிற் சொல்லப்படுவது ஆங்கிலத்தில் ‘பிக்கிள் ஜார்’ ஆகும்.

ஜக் – கைபிடியும் ஊற்றுவதற்கான சொண்டும் உள்ளது.
பிளாஸ்க் – சுடுநீர்ப் போத்தல்.
ரின் – தகரப்பேணி. பிரித்தானிய ஆங்கிலத்தில் மீன் அடைத்த பேணி ரின். அமெரிக்க ஆங்கிலத்தில் அதுவே ‘கான்’.
கான் – எண்ணெய், தண்ணீர் முதலியன கொண்டுசெல்லும் கைபிடியுள்ள கலம். பூவாளிக்கு ‘வோட்டரிங் கான்’ என்று பெயர்.
வயல் – ஊசிமருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி. நெல் விளையும் வயலோடு ஒலி ஒத்திருப்பதால் ஒருமுறை கேட்டால் மறவாது. இன்சுலின் பாவிப்போர் வீட்டில் இச்சொல் அடிக்கடி கண்ணிற்படும்.
ரியூப் – பற்பசை, பூச்சு மருந்து அடைத்த குழல்.
சஷே – ஒரு தடவைப் பாவனைக்கான சின்னஞ்சிறு பக்கற்.

பிளாஸ்ரிக் கானைக் ‘கலன்’ என்று சொல்வதும் வழக்கில் உண்டு. தமிழில் கலன் என்றால் பாத்திரம், ஆகவே பிழையில்லை. ஆனால் ஆங்கிலக் ‘கலன்’ ஒரு முகத்தலளவை மட்டுமே. பழைய பிரித்தானிய அளவில் அது ஏறக்குறைய 4.5 லீற்றர்.

மூடி என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் இடத்துக்கேற்பப் பெயர் மாறும். பானை, சாடி, பெட்டி ஆகியவற்றின் மூடி ‘லிட்’. போத்தலின் வாயிலே திருகும் மூடி ‘கப்’ அன்று, ‘காப்’ என்பதற்கு அண்மித்த ஒலியுடையது. தலையில் அணியும் தொப்பிக்கும் அதுவே பெயர். போத்தலுக்குத் தொப்பி என்று நினைவிற் கொள்ளலாம். உள்ளே செருகும் அடைப்பான் ‘ஸ்ரொப்பர்’. அது தக்கையாயின் ‘கோர்க்’.

6. பைகளும் பெட்டிகளும்

பை ‘பாக்’. பெரிய சாக்கு ‘சாக்’. இரண்டும் ஒலியால் நெருங்கியிருப்பதால் எளிதில் மனதில் நிற்கும். பின்னப்பட்ட கூடை ‘பாஸ்கற்’. விறைப்பான பக்கங்களுடன் கூடியது ‘பொக்ஸ்’.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் தீப்பெட்டியும் பெட்டிதான்; பனையோலையில் இழைத்த பெட்டியும் பெட்டிதான். தீப்பெட்டி பொக்ஸ் ஆகும். பனையோலைப் பெட்டி ஆங்கிலத்தில் பொக்ஸ் ஆகாது; அது பின்னப்பட்டதாகையால் ‘பாஸ்கற்’. மேசையின் லாச்சி ‘ட்றோவர்’. லாச்சி ஒல்லாந்தர் வழியாக வந்த சொல். அலுமாரியும் பீப்பாவும் குசினியும் போர்த்துக்கேயர் வழியாக வந்தவை. வெளியிலிருந்து வந்த சொற்களை வீட்டுச் சொற்களாக்கிக்கொள்வது இம்மண்ணுக்குப் புதிதன்று.

7. பால்போத்தலும் ஒரு போத்தல் பாலும்

பெயர்களைக் கற்றபின் அவற்றை வசனத்தில் வைக்கத் தெரிதல் வேண்டும். இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே.

‘பால்போத்தல்’ என்றால் என்ன? பால் விடுவதற்கான போத்தல். அது வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தாலும் பால்போத்தல்தான். ‘ஒரு போத்தல் பால்’ என்றால் என்ன? அங்கே பேசப்படுவது பால். போத்தல் அதன் அளவு. இரண்டு சொற்களும் இடம் மாறியவுடன் பொருளும் மாறிவிடுகின்றது. எழுத்தறியாத மூதாட்டி கூட இதிற் பிழைவிடுவதில்லை.

ஆங்கிலமும் இதே வேறுபாட்டைக் காட்டுகின்றது. பால்போத்தலுக்குத் தமிழ்போலவே ‘மில்க் பொட்டில்’. ஒரு போத்தல் பாலுக்கு இடையிலே ‘ஒவ்’ என்ற சொல் வந்து ‘எ பொட்டில் ஒவ் மில்க்’ என்றாகும்.

ரீ கப் – தேநீர்க் கப். எ கப் ஒவ் ரீ – ஒரு கப் தேநீர்.
ஜாம் ஜார் – ஜாம் போடும் சாடி. எ ஜார் ஒவ் ஜாம் – ஒரு சாடி ஜாம்.
றைஸ் பாக் – அரிசிப் பை. எ பாக் ஒவ் றைஸ் – ஒரு பை அரிசி.
மச் பொக்ஸ் – தீப்பெட்டி. எ பொக்ஸ் ஒவ் மச்சஸ் – ஒரு பெட்டி தீக்குச்சி.

விருந்தினரிடம் ‘ரீ கப் வேண்டுமா?’ என்று ஆங்கிலத்திற் கேட்டால் வெறுங் கப் வேண்டுமா என்று கேட்டதாகிவிடும்.

அடுத்தது பன்மை. தமிழில் ‘இரண்டு போத்தல் பால்’ என்றால் போதும். ‘போத்தல்கள்’ என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தினால் பிள்ளைகள் ‘ரூ பொட்டில் மில்க்’ என்று எழுதிவிடுகின்றார்கள். ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் திருத்தம் வேண்டும். பாத்திரத்தின் பெயர் பன்மையாக வேண்டும். ‘ஒவ்’ வர வேண்டும். ‘ரூ பொட்டில்ஸ் ஒவ் மில்க்’ என்பதே சரி. பால், தேநீர், தண்ணீர், சீனி, அரிசி, மா, எண்ணெய் முதலியன ஆங்கிலத்தில் எண்ணப்படாத பொருள்கள். அவற்றை எண்ண வேண்டுமாயின் ஒரு பாத்திரத்தின் துணை வேண்டும். பாத்திரப் பெயர்களைக் கற்பது இலக்கணத்துக்கும் உதவுவது இதனாலேயே.

8. உயிர்காக்கும் சொற்கள்

கிராமத்தில் ‘கொன்ரெய்னர்’ என்றவுடன் வீதியிற் செல்லும் நீண்ட பாரவண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் அச்சொல்லின் பொதுப்பொருள் கொள்கலன் என்பதே. போத்தல், பேணி, கான், பை யாவும் கொன்ரெய்னர்தான். ‘கீப் த கொன்ரெய்னர் ரைற்லி குளோஸ்ட்’ என்று போத்தலொன்றில் இருந்தால், மூடியை இறுக்கி மூடிவைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

மருந்துப் போத்தல்களிற் காணப்படும் வேறு சில வாசகங்கள்:

ஷேக் வெல் பிபோர் யூஸ் – பாவிக்கு முன் நன்றாகக் குலுக்கவும்.
கீப் அவுட் ஒவ் றீச் ஒவ் சில்றன் – பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.
போ எக்ஸ்ரேணல் யூஸ் ஒன்லி – வெளிப்பூச்சுக்கு மாத்திரம், குடிக்கலாகாது.
ஸ்ரோர் இன் எ கூல் ட்றை பிளேஸ் – குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைக்கவும்.

மருந்தளவில் ‘ரீ ஸ்பூன்’ என்றால் 5 மில்லிலீற்றர். ‘ரேபிள் ஸ்பூன்’ என்றால் 15 மில்லிலீற்றர். ஒன்று மற்றையதின் மும்மடங்கு. இவ்விரு சொற்களையும் மாற்றி விளங்கினால் பிள்ளையின் உடலுக்குள் மூன்று மடங்கு மருந்து போய்விடும். வீட்டுக் கரண்டிகள் எல்லாம் ஓரளவினவல்ல. ஆகவே மருந்தோடு தரப்படும் சிறு அளவுக் கிண்ணத்தை, அதாவது ‘மெஷரிங் கப்’பைப் பாவிப்பதே நன்று. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் பக்கற்றும் அவ்வாறே. ஒரு சஷேயை எவ்வளவு நீரிற் கரைக்க வேண்டுமென்று அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அதனை விட்டுக் ‘கிளாஸ்’ கணக்கில் மதிப்பாகக் கரைத்தல் தவறு.

இலங்கையிற் பீடைகொல்லிகளை ஒழுங்குபடுத்துவதற்கு 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. சட்டம் இருந்தாலும் வீட்டுக்குள் காவல் வீட்டாரே. ‘பொய்சன்’ என்றால் நஞ்சு. ‘டூ நொட் றீயூஸ் த கொன்ரெய்னர்’ என்றால் இக்கொள்கலனை மீண்டும் பாவிக்க வேண்டாம் என்பது பொருள். நல்ல கானாக இருக்கின்றதே என்று அதனைக் கழுவித் தண்ணீர் அள்ளப் பாவித்தல் கூடாது. நஞ்சு வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒட்டியிருக்கும். மருந்தடித்து முடிந்தவுடன் கலனை மூன்று தடவை அலசி, அந்நீரைத் தெளிக்கும் தாங்கியிலேயே விட்டு, கலனை மறுபடி பாவிக்க முடியாதவாறு துளையிட்டுவிடுதல் வேண்டும்.

மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்கும் பழக்கமும் ஆபத்தானது. பிள்ளை எழுத்தை வாசிப்பதற்கு முன் போத்தலின் வடிவத்தை வாசிக்கின்றது. சோடாப் போத்தலைக் கண்டால் உள்ளே இருப்பது சோடா என்றே எண்ணும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மண்ணெண்ணெய்க்கு ‘கெறசீன்’ என்று பெயர். வேறு நிறக் கானொன்றில் ஊற்றி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் ஒட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் நன்று.

9. ஆங்கிலத்தில் இல்லாத பாத்திரங்கள்

கடகம், உமல், சுளகு, நீத்துப்பெட்டி, கொட்டப்பெட்டி, மூக்குப்பேணி ஆகியவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொல் இல்லை. இதிற் குறையேதும் இல்லை. அப்பொருள் அவர்களது வீட்டில் இல்லை, ஆகவே சொல்லும் இல்லை. இவற்றைப் பற்றி ஆங்கிலத்திற் பேச நேர்ந்தால், சொந்தப் பெயரை அப்படியே சொல்லி, எவ்வகைப் பாத்திரம், எதனாற் செய்யப்பட்டது, எதற்குப் பாவிப்பது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னாற் போதும். அதற்குரிய இரு தொடர்கள் ‘மேட் ஒவ்’ (இதனாற் செய்யப்பட்டது), ‘யூஸ்ட் போ’ (இதற்குப் பாவிக்கப்படுவது) என்பன.

கடகம் – ‘எ பாஸ்கற் மேட் ஒவ் பல்மைறா லீவ்ஸ்’. பனையோலையாற் செய்த கூடை.
மூக்குப்பேணி – ‘எ கப் வித் எ ஸ்பௌட்’, மூக்குள்ள குடிகலம். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்காகவே அந்த மூக்கு வைக்கப்பட்டது என்பதையும் பேரப்பிள்ளைக்குச் செய்து காட்டலாம்.
நீத்துப்பெட்டி – ‘எ ஸ்ரீமர் யூஸ்ட் போ மேக்கிங் பிட்டு’. பிட்டு அவிக்கும் ஓலைக் கலம்.

கோயிற் பாத்திரங்களுக்கும் இம்முறை பொருந்தும். தாம்பாளத்தைப் ‘பிறாஸ் ட்றே’ எனலாம். பித்தளைத் தட்டம் என்பது பொருள். ஆனால் கும்பத்தைப் ‘பொட்’ என்று மட்டும் சொன்னால் கறிச்சட்டிக்கும் அதற்கும் வேறுபாடின்றிப் போகும். கும்பம், பஞ்சபாத்திரம் என்ற பெயர்களை மாற்றாமல் வைத்து, விளக்கத்தை மட்டும் ஆங்கிலத்திற் கூறுதலே முறை. பிறமொழியில் விளக்கத் தெரிந்தவரிடமே சொந்தப் பெயரும் பாதுகாப்பாக இருக்கும். வெளிநாட்டில் வளரும் பிள்ளை ‘கடகம்’ என்ற சொல்லோடு திரும்பிப் போகுமானால் அது அம்மம்மாவின் ஆங்கிலத்தால் விளைந்த தமிழ்ப்பயன்.

10. வீட்டிற் பழகும் முறை

முதலாவது, ஒரு நாளுக்கு ஐந்து பாத்திரம் போதும். ஆறு நாளில் முப்பது சொற்கள் சேரும். ஏழாம் நாள் மீட்டற் பயிற்சி.

இரண்டாவது, பெயரைக் கடதாசியில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டிவிடலாம். பாவித்து முடிந்த பேணியிலும் போத்தலிலும் ஏற்கெனவே அச்சிட்டிருப்பதை வாசிக்கச் செய்வது இன்னும் நல்லது. செலவில்லாத பாடநூல் அதுவே.

மூன்றாவது, சொல்லைத் தனியே கேட்காமல் வேலையோடு கேட்க வேண்டும். ‘பிறிங் மீ த ஜக்’ என்று தாய் சொல்ல, பிள்ளை ஜக்கை எடுத்து வந்தால் பாடம் முடிந்தது. வேறு பாத்திரத்தைக் கொண்டு வந்தாலும் ஏச வேண்டியதில்லை. ‘இது மக் அப்பன், சொண்டு இருக்கிறதைப் பாத்து எடுத்துக்கொண்டு வாங்கோ’ என்றாற் பிள்ளை தானே வேறுபாட்டைக் கண்டுகொள்ளும்.

நான்காவது, தாய்க்கோ தந்தைக்கோ ஆங்கிலம் தெரியாதெனினும் தடையில்லை. பாடசாலையிற் கற்றதைப் பிள்ளை சொல்லிக்கொடுக்க, பெற்றோர் திருப்பிச் சொல்லலாம். கற்பிக்கின்றவனுக்கே பாடம் ஆழமாகப் பதிகின்றது.

11. பயிற்சி

விடைகளை மறைத்துக்கொண்டு செய்து பார்க்கவும்.

1. பானையின் மூடிக்கு ஆங்கிலப் பெயர் என்ன?
2. பொட்டில், ஜார் இரண்டுள் ஒடுங்கிய கழுத்துடையது எது?
3. ‘ஒரு கப் தேநீர்’ என்பதை ஆங்கிலத்திற் கூறுக.
4. ‘இரண்டு போத்தல் தண்ணீர்’ என்பதை ஆங்கிலத்திற் கூறுக.
5. குப்பை போடும் ‘பின்’ எச்சொல்லின் ஒலி போன்றது? ‘பிள்ளை’யா, ‘தம்பி’யா?
6. ‘கோப்பையிற் சோறு’ என்பதிலுள்ள கோப்பைக்கு ஆங்கிலம் யாது?
7. ஒரு ரேபிள் ஸ்பூன் எத்தனை ரீ ஸ்பூன்?
8. பனையோலைப் பெட்டி பொக்ஸா, பாஸ்கற்றா?
9. தண்ணீர் கொதிக்கவைப்பது கெட்டிலா, ரீ பொட்டா?
10. ‘போ எக்ஸ்ரேணல் யூஸ் ஒன்லி’ என்று எழுதிய மருந்தைக் குடிக்கலாமா?

விடைகள்: 1. லிட். 2. பொட்டில். 3. எ கப் ஒவ் ரீ. 4. ரூ பொட்டில்ஸ் ஒவ் வோட்டர். 5. தம்பி. 6. பிளேற். 7. மூன்று. 8. பாஸ்கற். 9. கெட்டில். 10. குடிக்கலாகாது.

பத்துக்கு எட்டு எடுத்தவர் குசினிக்குச் சென்று மிகுதிப் பாத்திரங்களைப் பார்க்கலாம். எட்டுக்குக் குறைந்தவரும் குசினிக்கே செல்ல வேண்டும். பாடம் அங்கேதான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு நாளும் கையிலெடுக்கும் பாத்திரத்தை அதன் இரு பெயர்களாலும் அழைக்கப் பழகும் பிள்ளைக்கு ஆங்கிலம் அந்நிய வீட்டுப் பொருளாக இராது. அந்தப் பழக்கத்தை இன்று மாலைத் தேநீரோடு ‘எ கப் ஒவ் ரீ’ என்று தொடங்கலாம்.